கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டது

எங்கள் அலுவலகத்துப் பதவி உயர்வுப் படிவத்தில் 'அதிகபட்சக் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் உண்டு. ஓரத்து அம்புக்குறியைத் தட்டினால் ஒரு பட்டியல் தொங்கும். பிஎச்.டி., எம்.டெக்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ., பி.இ. என்று படியிறங்கி, வாசலைத் தாண்டிச் செருப்பு விடும் இடத்தில் 'மற்றவை' என்று ஒன்று நிற்கும். 19 வருஷமாக நான் அந்த மற்றவை. கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணக்கு முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றின் சான்றிதழை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறியவன் வேறு எந்தப் படியில் நிற்பது?

போன மார்ச்சில் என் மேலாளர் கூப்பிட்டார். என்னைவிட 11 வயது சின்னவர். அவர் என்னை 'ப்ரோ' என்பார். நான் அவரை 'சார்' என்பேன். வயதும் சம்பளமும் எங்களுக்குள் இப்படி ஒரு சமரசத்துக்கு வந்திருந்தன.

"ப்ரோ, சீனியர் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு உங்க பேரைப் போட்டேன். சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. ஒரு மாஸ்டர்ஸ் பண்ணிடுங்களேன். ஐ.டி. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்ல ஏதாவது."

வரும் வழியில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கி வந்துவிடுங்கள் என்பதுபோல் சொன்னார்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறேன். "அமெரிக்காவுல ஒருத்தன் எப்ப முடியும்னு கேட்பான். இங்க நம்ம பசங்க இப்போதைக்கு முடியாதும்பாங்க. நடுவுல உட்கார்ந்துக்கிட்டு நான் 'வெள்ளிக்கிழமை'ன்னு சொல்லுவேன்." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த வெள்ளிக்கிழமைப்பா?" என்றாள். 19 வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

ஆக, 44ஆவது வயதில், தேதி சொல்லியே பிழைத்தவன் தேதி சொல்வது எப்படி என்று பட்டம் வாங்கப் பல்கலைக்கழகம் தேடக் கிளம்பினேன்.

செய்தி கும்பகோணம் போய்ச் சேர்ந்ததும் பெரியப்பாவிடமிருந்து ஃபோன். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் காகிதம் இரண்டே வகை: சீல் வைத்தது, சீல் வைக்காதது.

"டேய், யுனிவர்சிட்டின்னா மெட்ராஸ் யுனிவர்சிட்டிடா. 1857. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், மூணும் ஒரே வருஷம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் டுட்டோரியல்."

"அண்ணாமலை யுனிவர்சிட்டி 1929 பெரியப்பா."

"சின்னப் பையன். போகட்டும், பார்க்கலாம்."

"அண்ணா யுனிவர்சிட்டி 1978."

"என் கல்யாணத்துக்கு அப்புறம் பொறந்தது. அதுல போயா நீ படிக்கப்போறே?"

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கியது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு.

அன்றிரவே எக்செலைத் திறந்தேன். ஐ.டி.க்காரனுக்குத் துக்கம் வந்தாலும் எக்செல்தான், சந்தோஷம் வந்தாலும் எக்செல்தான். இடது பக்கம் மேலிருந்து கீழாக 23 பல்கலைக்கழகங்கள். மேலே குறுக்காக 14 அளவுகோல்கள்: அங்கீகாரம், தரவரிசை, கட்டணம், தேர்வு மையம், பாடத்திட்டம் இத்யாதி. ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் என்று ஓர் எடை. கூட்டினால் 100 வரவேண்டும். எனக்கு 118 வந்தது. எங்கள் ப்ராஜெக்டுகளிலும் இதேதான். எல்லாமே முக்கியம், எதையும் குறைக்க முடியாது.

பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, க்ளாஸ் என்னைக்கு?"

"பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை காலைல. ஆன்லைன்ல."

"அப்ப மீன் யார் வாங்குறது?"

நியாயமான கேள்வி. ஆதம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குமேல் போனால் கடைக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையே மீன் இல்லை என்று சொல்லிவிடும். 15ஆவது அளவுகோலாக 'மீன்' என்று சேர்த்து 10 சதவீதம் எடை கொடுத்தேன். மொத்தம் 128.

அடுத்த ஒரு மாதம் விதிமுறைகளைப் படித்தேன். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், என்னைப் போல நடுவயதில் பட்டம் தேடுகிறவர்களுக்கு இது உதவும். தபாலிலோ ஆன்லைனிலோ பட்டம் தருவதென்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நாம் சேரும் படிப்பும், நாம் சேரும் ஆண்டும் அதில் இருக்கவேண்டும். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் இருந்து என்ன பயன், நம் பெயர் இருந்தால்தானே அரிசி? 2020இல் வந்த விதிகளின்படி, நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பிடம் 4க்கு 3.26 வாங்கிய பல்கலைக்கழகம் ஆன்லைன் படிப்பு தொடங்கத் தகுதி பெறுகிறது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் மூன்று சுற்றில் இரண்டு முறையாவது முதல் நூறுக்குள் வந்திருந்தாலும் சரி. 3.26க்கு ஏ பிளஸ், 3.51ஐத் தொட்டால் ஏ டபுள் பிளஸ். "அந்த யுனிவர்சிட்டி ஏ பிளஸ் பெரியப்பா" என்று ஒருநாள் ஃபோனில் பெருமையாகச் சொன்னேன். "உனக்குச் சேருமாடா? உன்னுது ஓ பாசிட்டிவ் ஆச்சே" என்றார்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்திருக்கிறது. அதே யு.ஜி.சி. 2024இல், '10 நாள் எம்.பி.ஏ.' என்று விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று எச்சரித்தது. மிக நல்ல அறிவுரை. 10 நாளில் முடித்துத் தருகிறேன் என்பவனை நம்பாதே என்பதற்கு எனக்கு எந்த ஆணையமும் தேவையில்லை. 19 வருஷமாக அப்படிச் சொல்கிறவனே நான்தான்.

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிடுகிறது. கதைப்புத்தகம் மாதிரிப் படித்தேன். டெல்லி தரியாகஞ்சில் 'கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட்' என்று ஒன்று அதில் இருக்கிறது. போலியாக இருந்தாலும் பெயரிலாவது உண்மை பேசுகிறதே என்று தோன்றியது.

அடுத்த சிக்கல் பட்டத்தின் பெயர். மேலாளர் சொன்ன அதே பெயரில் தேடினால் நம் ஊரில் அந்தப் படிப்பு பெரும்பாலும் தனி வீட்டில் இருப்பதில்லை. எம்.பி.ஏ. வீட்டு மாடியில் ஒரு சிறப்புப் பிரிவாக, எம்.டெக். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் வீட்டுப் பின்கட்டில் ஒரு பேப்பராக, எம்.சி.ஏ. வீட்டுத் திண்ணையில் ஒரு விருப்பப் பாடமாக, அங்கங்கே ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி விசாரித்தால்தான் ஆள் அகப்படும்.

டெக்சஸில் இருக்கும் மச்சான் சிரித்தான். "மாமா, இங்கெல்லாம் அதுக்குன்னே தனி டிகிரி இருக்கு." உண்மைதான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாதிரி இடங்களில் ப்ராஜெக்ட் மேலாண்மைக்கென்றே எம்.எஸ்சி. உண்டு, முழுநேரமாகப் படித்தால் ஒரே வருஷம். அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் 1969இல் தொடங்கியது. அதன் பி.எம்.பி. சான்றிதழை எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் மின்னஞ்சலில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். பட்டப்படிப்புகளை எடைபோட்டு அங்கீகாரம் தரும் அமைப்பு ஒன்றையும் அந்த இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிறது. அந்த அங்கீகாரம் உள்ள படிப்பில் தேறியவருக்கு, பி.எம்.பி. தேர்வு எழுத வேண்டிய 36 மாத அனுபவத்தில் 12 மாதம் தள்ளுபடி. அனுபவத்தில் தள்ளுபடி எனக்கு எதற்கு? அது ஒன்றுதான் என்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பட்டம் இல்லாமல் பி.எம்.பி. மட்டும் எழுதிவிடலாமா என்று ஹெச்.ஆரிடம் கேட்டேன். எழுதலாமாம். படிவத்தில் அது 'மற்றவை'யில் வருமாம்.

பாடத்திட்டங்களைப் படித்ததுதான் நான் செய்ததில் உருப்படியான காரியம். 23 பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தால், அட்டை வேறு, சரக்கு ஏறக்குறைய ஒன்று. ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1910களில் பரப்பிய பட்டை வரைபடம் எல்லாவற்றிலும் இருக்கிறது. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று நீளநீளமாகக் கோடு போட்டுக் காட்டுவது. நான் வாரத்துக்கு ஒன்று போடுகிறேன். அடுத்த வாரம் எல்லாக் கோட்டையும் பிடித்து வலது பக்கம் இழுக்கிறேன். 1958இல் போலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய 'பெர்ட்' என்ற கணக்கும் எல்லாவற்றிலும் இருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் எத்தனை நாள், இழுத்தடித்தால் எத்தனை நாள், சாதாரணமாக எத்தனை நாள் என்று மூன்று மதிப்பீடு வாங்கி, சாதாரண மதிப்பீட்டுக்கு நாலு மடங்கு எடை கொடுத்துக் கூட்டி, ஆறால் வகுக்கவேண்டும். கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் இலைக்கணக்குப் போடுவதும் அநேகமாக இந்த ரகம்தான். அவர் ஏவுகணை விடுவதில்லை என்பதால் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

'கிரிட்டிகல் பாத்' என்பதை மட்டும் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு வேலையில் எத்தனையோ சங்கிலிகள் இருக்கலாம். எந்தச் சங்கிலி ஒருநாள் தள்ளிப்போனால் மொத்த வேலையும் ஒருநாள் தள்ளிப்போகுமோ அதுதான் கிரிட்டிகல் பாத். எங்கள் மொட்டை மாடிக்கு வந்தால் காட்டுகிறேன். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான். தூண்கள் மளமளவென்று எழுந்தன. ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டருக்கு மட்டும் நிலம் கிடைக்காமல் வழக்கில் நின்றது. நாலரைக் கிலோமீட்டர் பாலம் அந்த அரைக் கிலோமீட்டருக்காகக் காத்திருந்தது. என் மகள் எல்.கே.ஜி.க்கு ஆட்டோ ஏறியபோது நின்ற அதே தூணடியில் நின்றுதான் காலேஜ் பஸ்ஸும் ஏறினாள்.

பிறகு ஃப்ரெட் புரூக்ஸ். ஐ.பி.எம்.மின் சிஸ்டம் 360 கணினிக்கு இயக்கமென்பொருள் எழுதும் வேலையை நடத்தியவர். அந்த அவஸ்தையை வைத்து 1975இல் 'தி மிதிகல் மேன்-மன்த்' என்று புத்தகம் போட்டார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்குப் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் வரும் விதி. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. முந்தின தீபாவளிக்கு எங்கள் ரிலீஸ் பத்து நாள் பின்தங்கியபோது, மேலிடம் இரக்கப்பட்டு ஆறு பேரை அனுப்பியது. ஆறு பேரும் முதல்நாள் வந்து உட்கார்ந்து, அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்குமிடம் எது என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் பாஸ்வேர்டு. மூன்றாம் நாள் கேன்டீன் கூப்பன். வேலை தெரிந்த இரண்டு பேர் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து நாள் தாமதம் இருபத்தைந்து நாளானது. 1975இலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த ஒரு மாஸ்டர்ஸ்கூட எங்கள் மேலிடத்தில் இல்லையா என்றால், எல்லோருமே மாஸ்டர்ஸ்தான். படிவத்தில் அவர்களுக்கெல்லாம் மேல்படி.

இதற்கிடையில், கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்று சொன்ன ஓர் இடத்தில் என் ஃபோன் நம்பரைப் பதிந்துவிட்டேன். விரலை எடுக்கவில்லை, மணி அடித்தது.

"வணக்கம் சார், உங்க அகாடமிக் கவுன்சிலர் பேசுறேன். உங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒரு ஸ்காலர்ஷிப் ஒதுக்கியிருக்கோம். இன்னைக்கு ராத்திரி 12 மணியோட முடியுது சார்."

சின்னப் பெண்ணின் குரல். மறுநாளும் அழைத்தாள். அன்றைக்கும் ராத்திரி 12 மணியோடு முடிகிறது. அதற்கும் மறுநாள், அதற்கும் மறுநாள். நான் குளிக்கும்போது, கோயிலில் தீபாராதனையின்போது, மீன்கடையில் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் நான் தத்தளிக்கும்போது என்று விடாமல் 40 நாளைக்குமேல் அந்த ஸ்காலர்ஷிப் ராத்திரி 12 மணியோடு முடிந்துகொண்டே இருந்தது. மார்க்கண்டேயனுக்குப் பதினாறு மாதிரி அதற்குப் பன்னிரண்டு.

ஒருநாள் சாயங்காலம் ஓ.எம்.ஆரில் மழை. கம்பெனி பஸ் சோழிங்கநல்லூர் சிக்னலில் முக்கால் மணி நேரமாக நின்றது. அவள் அழைத்தாள். எனக்கும் வேறு வேலையில்லை.

"நீ என்னம்மா படிச்சிருக்கே?"

கொஞ்சம் தயங்கினாள். இந்தக் கேள்வி அவளுக்குக் கொடுத்த தாளில் இல்லை போலும். "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார்."

"நான் பி.எஸ்சி. கணக்கு. இந்த வேலை பிடிச்சிருக்கா?"

"மாசத்துக்கு ஆறு அட்மிஷன் காட்டணும் சார். இல்லேன்னா இன்சென்டிவ் கிடையாது. உங்களை 'வார்ம் லீட்'னு போட்டிருக்காங்க."

"அப்படின்னா?"

"இன்னும் ஆறலைன்னு அர்த்தம் சார்."

பஸ் ஓரடி நகர்ந்து நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், எங்க சேர்ந்தாலும் பணத்தை யுனிவர்சிட்டியோட சொந்தக் கணக்குக்கே கட்டுங்க. டெப் ஐடின்னு ஒண்ணு கேட்பாங்க, 2024லேருந்து அது இல்லாம தொலைநிலைல சேர முடியாது. அதை யு.ஜி.சி. பக்கத்துல நீங்களே எடுங்க. யாரு கேட்டாலும் ஓ.டி.பி. கொடுத்துடாதீங்க. எங்கப்பாவா இருந்தா இதைத்தான் சொல்லுவேன்." பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. குரல் சட்டென்று பழைய உயரத்துக்கு ஏறியது. "ஸோ சார், இன்னைக்கு ராத்திரி 12 மணியோட முடியுது!"

இத்தனை நாளாக எக்செல் சொல்லாத மூன்று விஷயங்களை அந்தப் பெண் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். நான் அவளுடைய ஆறு பேரில் ஒருவனாகவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் குற்றவுணர்ச்சி உண்டு.

ஜூலைச் சேர்க்கை வந்தது. தொலைநிலைப் படிப்புகளில் வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை: ஜூலை, ஜனவரி. நான் தீர்மானித்தாகவில்லை, எடை 128லிருந்து 121க்குத்தான் இறங்கியிருந்தது. கடைசித் தேதி நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கியது. கடைசி நாள் காலையில் முதலிடத்தில் இருந்த பல்கலைக்கழகத்தின் முகப்பைத் திறந்தேன். சிவப்பெழுத்தில் ஒரு வரி ஊர்ந்துகொண்டிருந்தது: 'சேர்க்கைக்கான கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டது.'

அப்பாடா என்றிருந்தது. பதினைந்து நாள் கழித்து மறுபடி வயிற்றைக் கலக்கியது; மறுபடி நீட்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை நீட்டிக்கப்பட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேலையைக் குறித்த தேதியில் முடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் நான் அங்கே சேரப் போகிறேன். அங்கே சேருவதற்கான தேதியே குறித்த நாளில் முடியவில்லை. எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இன்னொரு கிளையில் போய்ச் சேர்வதுபோல் இருந்தது. இனி எப்படியும் நீட்டிப்பார்கள் என்று நான்காம் முறை தைரியமாக இருந்துவிட்டேன். நான்காம் முறை நீட்டிக்கவில்லை.

"விடுங்கப்பா, ஜனவரி இருக்கு" என்றாள் மகள். காலேஜில் இரண்டாம் வருஷம். அவள் தன் கல்லூரியைக் கவுன்சலிங்கில் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தை நான் ஃபான்ட் அளவு மாற்றுவதில் செலவழித்திருப்பேன். என் எக்செலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். "பிரியாணி வாங்கணும்னாகூட மூணு கடைக்கு ஃபோன் போட்டுக் கேட்பீங்களே. இதுக்கு எந்த யுனிவர்சிட்டிக்காவது ஃபோன் பண்ணினீங்களா?"

பண்ணவில்லை. அதற்கு எக்செலில் கட்டம் போடவில்லை.

டிசம்பரில் ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். இந்திக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. தமிழில் சொன்னது, அந்த மட்டும் சந்தோஷம். இரண்டாவது இடத்தில் ஃபேக்ஸ் இயந்திரம் கீச்சென்று கத்தியது. மூன்றாவதில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நான்காவதில் எடுத்தவர் வாட்ச்மேன். ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போயிருப்பதாகவும், தானும் அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருப்பதாகவும், எம்.பி.ஏ. எல்லாம் நல்ல படிப்புதான் என்றும் சொன்னார்.

என் பட்டியலில் 17ஆவது இடத்திலிருந்த பல்கலைக்கழகத்தில் ஓர் அம்மா எடுத்தார். என் கேள்வி இதுதான்: நான் கேட்கும் சிறப்புப் பிரிவுக்கு வருகிற ஜனவரிச் சேர்க்கைக்கு அங்கீகாரம் வந்துவிட்டதா, தேர்வு மையம் சென்னையில் எங்கே?

"எனக்கு உறுதியாத் தெரியலை சார்" என்றார். நான் அசந்துபோனேன். எட்டு மாதத் தேடலில் தெரியாது என்று ஒருவர் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. "சுற்றறிக்கையைப் பார்க்கணும். நம்பரைச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல 11 மணிக்கு நானே கூப்பிடுறேன்."

நம்பரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நானே கூப்பிடுகிறேன் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

மறுநாள் காலை 10.45க்கு எங்களுக்கு வழக்கமான ஸ்டாண்ட்-அப். 15 நிமிஷத்தில் நின்றுகொண்டே பேசி முடிக்கவேண்டும் என்பது சாஸ்திரம். நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். ஒரு பையன் நேற்று என்ன செய்தான், இன்று என்ன செய்யப்போகிறான், அதை நேற்றே ஏன் செய்யவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. லேண்ட்லைன் நம்பர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 11.

எழுந்து வெளியே ஓடினேன்.

"சார், நேத்து கேட்டீங்கல்ல. அங்கீகாரம் வந்துடுச்சு, கடித நம்பர் குறிச்சுக்கிறீங்களா? சென்னைல மையம் ரெண்டு இருக்கு. தொடர்பு வகுப்பு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மத்தியானம் இரண்டு மணி. மீன் வாங்கி, குழம்பு வைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிடலாம். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் பழக்கதோஷம், கேட்டேன்: "மேடம், கடைசித் தேதி 31ன்னு போட்டிருக்கு. எப்படியும் நீட்டிப்பாங்கதானே?"

"31ன்னா 31தான் சார்."

அதில் கோபமில்லை, மிரட்டல் இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை என்பதுபோல் சொன்னார். 30ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்குக்குப் பணம் கட்டினேன். என் வாழ்நாளில் ஒரு வேலை ஒருநாள் முன்னதாக முடிந்தது அதுதான். பெரியப்பாவிடம் சொன்னேன். "எந்த வருஷத்து யுனிவர்சிட்டி?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சீல் இருக்கும்ல?" என்றார்.

பட்டம் கைக்கு வர இரண்டு வருஷமாகும். புத்தகமே இன்னும் வரவில்லை. ஆனால் போன வாரம் என் மேலாளர் வழக்கம்போல என் இடத்துக்கு வந்து, "ப்ரோ, அந்த ரிலீஸ் எப்ப முடியும்?" என்று கேட்டார். 'வெள்ளிக்கிழமை' என்ற சொல் 19 வருஷப் பழக்கத்தில் தானாகவே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"உறுதியாத் தெரியலை சார். பசங்ககிட்ட கேட்டுட்டு நாளைக்குக் காலைல 11 மணிக்கு நானே வந்து சொல்றேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஹெச்.ஆரிடம் பேசச் சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பையன்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு, கோடு போட்டு, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்து, ஒரு தேதியைக் கண்டுபிடித்தேன். நிஜமான தேதி. மறுநாள் சரியாக 11 மணிக்கு அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

உள்ளே மீட்டிங். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கமிருந்து இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டிச் சிரித்தார்: கொஞ்சம் தள்ளுது, ப்ரோ.